மஞ்சள் ஒயின் (வேன் ஜோன்)

மஞ்சள் ஒயின் என்பது கிழக்குப் பிரான்சின் ஜூரா மலையடிவாரத்தில் தயாரிக்கப்படும் ஒரு வெள்ளை ஒயின் வகையாகும். பிரெஞ்சு மொழியில் இதை 'வேன் ஜோன்' என்பர். 'மஞ்சள் ஒயின்' என்பதே அதன் பொருள். சவான்யான் என்னும் ஒரே திராட்சை வகையிலிருந்து இது பெறப்படுகிறது. நொதித்து முடிந்த ஒயின் ஓக் மரப் பீப்பாய்களில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வைக்கப்படுகிறது. அக்காலத்தில் பீப்பாயில் ஆவியாகிக் குறையும் அளவை யாரும் நிரப்புவதில்லை. ஒயினின் மேற்பரப்பில் தானாகப் படரும் மெல்லிய ஈஸ்ட் படலம் ஒன்று அதைக் காற்றிலிருந்து காக்கிறது.

பெரும்பாலான வெள்ளை ஒயின்களை இப்படி விட்டால் அவை கெட்டுப்போகும்; பெரும்பாலும் காடியாக, அதாவது வினிகராக மாறிவிடும். மஞ்சள் ஒயினிலும் அந்த ஆபத்து ஒவ்வொரு பீப்பாய்க்கும் உண்டு. ஒயின் தயாரிப்பில் பகையாகக் கருதப்படும் காற்றையே துணையாகக் கொள்ளும் இம்முறை, எல்லாப் பீப்பாய்களிலும் வெற்றி பெறுவதில்லை. அதனால்தான் இது சிறு அளவில் மட்டுமே கிடைக்கிறது.

ஒயினும் காற்றும்

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் உண்டு எத்தனாலாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றுகிறது. இதுவே நொதித்தல். நொதித்தல் நடக்கும்வரை வெளிவரும் கார்பன் டைஆக்சைடு சாற்றின் மேல் போர்வைபோல் நின்று காற்றைத் தடுக்கும். நொதித்தல் முடிந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அதன்பின் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒயினை இரண்டு வகையில் கெடுக்கும்.

முதலாவது வேதியியல் மாற்றம். நறுக்கிய ஆப்பிள் சிறிது நேரத்தில் பழுப்பேறுவதுபோல ஒயினின் நிறமும் மங்கும். பழ மணம் போய்விடும். இரண்டாவது நுண்ணுயிர்களின் வேலை. அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி எத்தனாலை அசிட்டிக் அமிலமாக்கும். இதுவே ஒயின் புளித்துக் காடியாவதன் காரணம்.

மரப் பீப்பாயில் இந்த ஆபத்து கூடுதலாகும். ஓக் மரத்தின் நுண்ணிய துளைகள் வழியே நீரும் ஆல்கஹாலும் சிறிது சிறிதாக ஆவியாகின்றன. இந்த இழப்பைப் பிரெஞ்சுக்காரர் 'தேவதைகளின் பங்கு' என்பர். குறைந்த அளவுக்கு ஏற்பப் பீப்பாயின் மேற்பகுதியில் வெற்றிடம் உண்டாகி அதில் காற்று புகும். ஆகவே உலகெங்கும் ஒயின் தயாரிப்போர் குறிப்பிட்ட இடைவெளியில் பீப்பாயைத் திறந்து, அதே ஒயினை ஊற்றி விளிம்புவரை நிரப்புவர். ஜூராவிலும் பெரும்பாலான ஒயின்களுக்கு இதுவே வழக்கம். மஞ்சள் ஒயினுக்கு இந்த வேலை வேண்டுமென்றே தவிர்க்கப்படுகிறது.

இடமும் மண்ணும்

ஜூரா பகுதி மேற்கே பர்கண்டிக்கும் கிழக்கே சுவிட்சர்லாந்துக்கும் இடையில் உள்ளது. புவியியலில் 'ஜுராசிக் காலம்' என்னும் பெயர் இம்மலைத்தொடரின் பெயரிலிருந்தே வந்தது. மலைச்சரிவுகளில் சுண்ணாம்புப் பாறையும், அதன் கீழே சாம்பல் நிறமும் நீல நிறமும் கொண்ட களிச்சுண்ண மண்ணும் காணப்படுகின்றன. ஈரத்தைப் பிடித்துவைக்கும் இம்மண் சவான்யான் கொடிக்கு மிகவும் ஏற்றது.

குளிர்காலம் கடுமையானது, மழையும் அதிகம். வசந்த காலத்தில் துளிர்கள் வெளிவந்தபின் உறைபனி விழுவது இப்பகுதி உழவர்களின் நீங்காத கவலை.

மஞ்சள் ஒயினை நான்கு புவிசார் பெயர்களில் மட்டுமே விற்கலாம். அவை ஆர்புவா, ஷாட்டோ ஷாலோன், லெத்துவால், கோட் து ஜூரா என்பன. இவற்றுள் ஷாட்டோ ஷாலோன் செங்குத்தான பாறை முகட்டின்மேல் அமைந்த ஒரு சிற்றூர். முற்காலத்தில் அங்கே பெனடிக்ட் சபைக் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. அம்மடத்தைச் சேர்ந்தவர்களே சவான்யான் கொடியை அங்கு கொண்டுவந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் ஏறத்தாழ 50 ஹெக்டேர் நிலமே இந்தப் பெயருக்கு உரியது.

சவான்யான் திராட்சை

சவான்யான் மிகப் பழமையான திராட்சை வகைகளுள் ஒன்று. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் டிராமினர் என அறியப்படும் வகையும் இதுவும் ஒன்றே என மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. மணம் மிகுந்த கெவுர்ஸ்டிராமினர் இதே வகையின் ஒரு திரிபு.

இதன் பழங்கள் சிறியவை, தோல் தடித்தது. மெதுவாகப் பழுப்பதால் அறுவடை பெரும்பாலும் அக்டோபர் மாதத்தில் நடைபெறும். நன்கு பழுத்து சர்க்கரை கூடிய பின்னும் இதில் புளிப்பு குறைவதில்லை. மஞ்சள் ஒயினுக்கு இந்த இரு பண்புகளும் தேவை. சர்க்கரை மிகுந்தால் ஆல்கஹால் 13 முதல் 15 விழுக்காடு வரை சேரும். ஆல்கஹாலும் புளிப்பும் மிகுந்த ஒயினில் கெடுக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகுவதில்லை. ஆறு ஆண்டுக் காத்திருப்பைத் தாங்கும் வலிமையை இத்திராட்சை தன் இயல்பிலேயே பெற்றிருக்கிறது எனலாம்.

தயாரிப்பு முறை

அறுவடையான திராட்சையை நசுக்கிப் பிழிந்து, தோலும் விதையும் நீக்கிச் சாறு எடுக்கப்படும். வெள்ளை ஒயின்களின் பொதுவான முறை இதுவே. சாறு தொட்டிகளில் நொதித்து, சர்க்கரை முழுவதும் தீர்ந்து, இனிப்பற்ற ஒயினாகிறது. அடுத்து இரண்டாம் கட்டமாக, பாக்டீரியாக்கள் கடும் புளிப்புடைய மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். இதுவரை மஞ்சள் ஒயினுக்கென்று தனிச் செயல்முறை எதுவும் இல்லை.

அதன்பின் ஒயின் ஓக் பீப்பாய்களுக்கு மாற்றப்படுகிறது. வழக்கமான பீப்பாய் 228 லிட்டர் கொள்ளும். இவை புதியவை அல்ல. பல ஆண்டுகள் பயன்பட்ட பழைய பீப்பாய்கள். புதிய ஓக் மரம் வனிலா போன்ற மணத்தையும் துவர்ப்பையும் ஒயினில் ஏற்றும். மஞ்சள் ஒயினுக்கு அது வேண்டாதது. மேலும், முன்பு மஞ்சள் ஒயின் இருந்த பீப்பாயின் மரத்தில் படலம் அமைக்கும் ஈஸ்ட் தங்கியிருக்கும். புதிதாக ஊற்றப்படும் ஒயினுக்கு அதுவே உறைமோர் போல ஆகிறது.

பீப்பாய் விளிம்புவரை நிரப்பப்படுவதில்லை. தொடக்கத்திலேயே சில லிட்டர் இடம் காலியாக விடப்படும். பிறகு அடைப்பை இட்டு மூடி, பீப்பாயை அசைக்காமல் வைத்துவிடுவர்.

பொதுவாக ஒயினுக்கு ஆண்டு முழுவதும் மாறாத குளிர்ச்சியுள்ள ஆழமான நிலவறை வேண்டும் என்பர். மஞ்சள் ஒயின் தயாரிப்பவர்கள் இதற்கு நேர்மாறாக, கோடையின் சூடும் குளிர்காலத்தின் குளிரும் ஓரளவு எட்டும், காற்றோட்டமுள்ள அறைகளை நாடுகின்றனர். பருவத்துக்கேற்ப வெப்பநிலை ஏறி இறங்கும்போது படலம் தடித்தும் மெலிந்தும் மாறும். அதன் ஒரு பகுதி இறந்து அடியில் படிய, மேலே புதிய செல்கள் வளரும். அடியில் படியும் செல்கள் சிதைந்து ஒயினுக்கு மேலும் சுவை கூட்டுகின்றன. ஒரே அறையிலும் கதவருகே உள்ள பீப்பாயும் மூலையில் உள்ள பீப்பாயும் ஒன்றுபோல் முதிர்வதில்லை.

ஈஸ்ட் படலம்

பிரெஞ்சில் இப்படலம் 'வுவால்' எனப்படும். முகத்திரை என்று பொருள். சாம்பல் கலந்த வெண்ணிறத்தில், மெல்லிய சுருக்கங்களுடன் ஒயினின் மேற்பரப்பை இது மூடும். சில பீப்பாய்களில் விரைவில் தோன்றும். சிலவற்றில் பல மாதங்கள் ஆகலாம். சிலவற்றில் முழுமையாகப் படராமலே போகலாம்.

படலத்தை அமைப்பது பெரும்பாலும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் இனத்தைச் சேர்ந்த ஈஸ்ட். ரொட்டி மாவைப் பொங்கச் செய்வதும், திராட்சைச் சாற்றை நொதிக்கச் செய்வதும் இதே இனம்தான். ஆனால் படலம் அமைக்கும் வகைகளுக்குச் சில தனித்திறன்கள் உண்டு. சர்க்கரை தீர்ந்து ஆல்கஹால் மிகுந்த சூழலில் இவற்றின் செல் உறையில் நீரை விலக்கும் புரதம் ஒன்று மிகுதியாக உருவாகிறது. அதனால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நொதித்தலின்போது உண்டான வாயுக் குமிழ்களைப் பற்றியபடி மேலே மிதக்கின்றன.

மேற்பரப்பை அடைந்த ஈஸ்ட் தன் வாழ்க்கை முறையையே மாற்றிக்கொள்கிறது. முன்பு ஆக்சிஜன் இன்றிச் சர்க்கரையை நொதிக்கச் செய்தது. இப்போது ஆக்சிஜனைக் கொண்டு சுவாசித்து, எத்தனாலையும் கிளிசராலையும் உணவாக்குகிறது. இதனால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன.

1. படலம் ஆக்சிஜனைத் தானே பயன்படுத்திவிடுவதால், கீழே உள்ள ஒயினுக்கு மிகக் குறைந்த ஆக்சிஜனே சென்று சேர்கிறது. அதனால் ஒயின் பழுப்பேறாமல் பொன்மஞ்சள் நிறத்தில் நிற்கிறது.

2. அசிட்டிக் அமில பாக்டீரியாக்களுக்குத் தேவையான ஆக்சிஜன் கிடைப்பதில்லை. படலம் முழுமையாக இருக்கும்வரை அவை பெருக முடியாது.

3. எத்தனால் முழுவதும் அமிலமாகாமல், இடைநிலைப் பொருளான அசிட்டால்டிகைடாகச் சேர்கிறது. முதிர்ந்த மஞ்சள் ஒயினில் இது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் அளவில் இருக்கும். சாதாரண வெள்ளை ஒயினில் இந்த அளவு குறைபாடாகக் கருதப்படும். இங்கே அதுவே அடையாளம்.

எத்தனால் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் முதலில் அசிட்டால்டிகைடும், பின்னர் அசிட்டிக் அமிலமும் கிடைக்கும் என்பது பள்ளி வேதியியலில் வரும் பாடம். மஞ்சள் ஒயினுக்கும் காடிக்கும் உள்ள தொலைவு அந்த ஒரே ஒரு படிதான்.

மணமும் வெந்தயமும்

மஞ்சள் ஒயினின் மணத்தை வால்நட் பருப்பு, காய்ந்த பழம், மசாலாப் பொடி ஆகியவற்றுடன் ஒப்பிடுவர். பிரெஞ்சுக்காரர் 'கறி' மணம் என்றும் குறிப்பிடுவதுண்டு. இது வெறும் உவமை அன்று. அம்மணத்துக்குக் காரணமான முதன்மைச் சேர்மம் சோட்டோலோன். வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமும் இதே சேர்மமே. கறிப்பொடியில் வெந்தயம் சேர்வதால் அந்த ஒப்பீடு வந்தது. வெந்தயத்தை மிகுதியாக உண்பவர்களின் வியர்வையில் சில நேரம் இம்மணம் வருவதற்கும் சோட்டோலோனே காரணம்.

ஒயினில் இது உருவாகும் வழி வேறு. ஈஸ்ட் செல்களின் செயல்பாட்டால் தோன்றும் ஆல்ஃபா கீட்டோபியூட்டிரிக் அமிலமும், படலம் தந்த அசிட்டால்டிகைடும் இணைந்து சோட்டோலோனாகின்றன. இந்த வினை மிக மெதுவாக நடப்பதால், முதல் ஆண்டுகளில் மணம் வெளிப்படுவதில்லை. இறுதி ஆண்டுகளில்தான் அது தெளிவாகத் தெரியத் தொடங்கும். காத்திருப்பின் காலத்தைக் குறைக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தேர்வும் இழப்பும்

பீப்பாயை நிரப்பாவிட்டாலும் கவனிக்காமல் விடுவதில்லை. ஆண்டில் சில முறை, படலம் கலையாதபடி பீப்பாயின் பக்கவாட்டிலிருந்து சிறிதளவு ஒயின் எடுக்கப்பட்டு, சுவைத்தும் ஆய்வகத்தில் சோதித்தும் பார்க்கப்படும். முக்கியமாக அசிட்டிக் அமிலத்தின் அளவும் அசிட்டால்டிகைடின் அளவும் கணக்கிடப்படும். அசிட்டால்டிகைடு கூடினால் படலம் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அசிட்டிக் அமிலம் கூடத் தொடங்கினால் அந்தப் பீப்பாய் காடியை நோக்கிச் செல்கிறது.

அவ்வாறு திசை மாறும் பீப்பாய்களை உரிய நேரத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். நல்ல நிலையில் உள்ளவை சவான்யான் ஒயினாக முன்னதாகவே புட்டியில் அடைக்கப்படும். அல்லது சார்டனே ஒயினுடன் கலக்கப்படும். முற்றிலும் புளித்தவை காடியாகவே முடியும். ஒரே தோட்டத்தில், ஒரே நாளில் பறித்து, ஒரே தொட்டியில் நொதித்த ஒயின் பத்துப் பீப்பாய்களில் ஊற்றப்பட்டாலும், ஆறு ஆண்டுகளுக்குப் பின் எத்தனை பீப்பாய் மஞ்சள் ஒயினாகும் என்று தொடக்கத்தில் யாராலும் கூற இயலாது.

வெற்றி பெற்ற பீப்பாயிலும் அளவு குறைந்தே இருக்கும். மஞ்சள் ஒயினுக்கென்று 'கிளாவ்லான்' என்னும் தனிப் புட்டி உண்டு. தோள் அகன்று, கட்டையாக இருக்கும் அதன் கொள்ளளவு 62 சென்டிலிட்டர். ஒரு லிட்டர் ஒயின் பீப்பாயில் ஆறு ஆண்டு இருந்தபின் மிஞ்சும் அளவு இது என்பது மரபான விளக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புட்டி அளவு விதிகள் மஞ்சள் ஒயினுக்கு இந்த ஓர் அளவை மட்டுமே ஏற்கின்றன.

இதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 228 லிட்டர் வெள்ளை ஒயினை உடனே 75 சென்டிலிட்டர் புட்டிகளில் அடைத்தால் 304 புட்டிகள் கிடைக்கும். அடுத்த ஆண்டே அவற்றை விற்றுவிடலாம். அதே ஒயின் மஞ்சள் ஒயினாக முதிர்ந்தால், லிட்டருக்கு 62 சென்டிலிட்டர் என்ற கணக்கில், 228 சிறிய புட்டிகளே கிடைக்கும். விற்பனைக்கு ஏழாம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். விலை உயர்வாக இருப்பதன் காரணம் இதிலேயே தெரியும்.

லூயி பாஸ்டரும் ஆர்புவாவும்

காற்றுக்கும் ஒயினுக்கும் உள்ள உறவை அறிவியல் முறையில் விளக்கிய லூயி பாஸ்டர் இதே மண்ணைச் சேர்ந்தவர். 1822இல் ஜூரா பகுதியிலுள்ள டோல் நகரில் பிறந்து, ஆர்புவாவில் வளர்ந்தார். அவர் தந்தை தோல் பதனிடும் தொழில் செய்தவர்.

1863இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், பிரெஞ்சு ஒயின்கள் கெட்டுப்போவதன் காரணத்தை ஆராயுமாறு பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார். பாஸ்டர் ஆர்புவாவுக்கு வந்து தற்காலிக ஆய்வுக்கூடம் அமைத்து உள்ளூர் ஒயின்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். ஒயினின் ஒவ்வொரு நோய்க்கும் குறிப்பிட்ட நுண்ணுயிர் காரணம் என்றும், காடியாவதும் உயிருள்ள ஒன்றின் வேலையே என்றும் காட்டினார். ஒயினை மிதமாகச் சூடாக்கினால் இந்நுண்ணுயிர்கள் அழியும் என்று கண்டு 1865இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று பாலுக்குப் பயன்படும் பாஸ்டர்முறை அதிலிருந்து வளர்ந்தது. 'ஒயின் பற்றிய ஆய்வுகள்' என்னும் அவரது நூல் 1866இல் வெளிவந்தது.

ஒயினின் மேற்பரப்பில் தோன்றும் படலங்களை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று ஒயினைக் காடியாக்குவது. மற்றொன்று அவ்வாறு செய்யாதது. இரண்டுக்கும் காற்று தேவை. வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டில் எது படர்கிறது என்பதைப் பொறுத்தே பீப்பாயின் விதி அமைகிறது. ஜூரா உழவர்கள் அனுபவத்தால் கையாண்டு வந்த ஒன்றுக்கு இவ்வாறு விளக்கம் கிடைத்தது.

1874இல் பாஸ்டர் ஆர்புவாவுக்கு அருகே ஒரு சிறு திராட்சைத் தோட்டம் வாங்கினார். 1878இல் அங்குள்ள சில கொடிகளைக் கண்ணாடிக் கூடுகளால் மூடி, குலைகளைத் தூய பஞ்சால் பொதிந்து வைத்தார். அவ்வாறு காக்கப்பட்ட பழங்களின் சாறு தானாக நொதிக்கவில்லை. நொதித்தலுக்குக் காரணமான ஈஸ்ட் பழத்தின் உள்ளே தோன்றுவதில்லை, வெளியிலிருந்தே வருகிறது என்பதற்கு அது சான்றாயிற்று.

பிலாக்சிராவும் அழிவும்

அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சிரா என்னும் பூச்சி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளின் வேர்களை அழித்தது. 1879இல் அது ஜூராவை எட்டியது. அப்போது ஏறத்தாழ 20,000 ஹெக்டேராக இருந்த திராட்சைப் பரப்பு பெரிதும் சுருங்கியது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே தீர்வாக அமைந்தது. அத்தகைய வேர்க்கொடிகளை உருவாக்கியவர்களுள் ஒருவரான அலெக்சிஸ் மில்லார்டே ஜூராவில் பிறந்தவர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை உலகுக்குத் தந்தவரும் அவரே. தமிழ்நாட்டு உழவர்களுக்கும் அக்கலவை அறிமுகமானது.

எனினும் மறுநடவு செய்யப் பணமும் ஆளும் வேண்டியிருந்தது. ரயில் வந்தபின் தெற்குப் பிரான்சின் மலிவான ஒயின்கள் சந்தையை நிரப்பின. முதல் உலகப் போர் ஊர்களின் இளைஞர்களைக் கொண்டுசென்றது. இன்று ஜூராவின் திராட்சைப் பரப்பு சுமார் 2,000 ஹெக்டேர் மட்டுமே. அதில் மஞ்சள் ஒயினுக்குச் செல்லும் பங்கு சிறியது.

சட்டமும் தரமும்

1936இல் பிரான்சு அரசு ஒயின்களுக்குப் புவிசார் பெயர் பாதுகாப்பு வழங்கத் தொடங்கியபோது, முதலில் அதைப் பெற்றவற்றுள் ஆர்புவாவும் ஒன்று. ஷாட்டோ ஷாலோனும் அதே ஆண்டில் பெற்றது. தற்போதைய விதிகளின்படி மஞ்சள் ஒயின் குறைந்தது 60 மாதங்கள் படலத்தின் கீழ் இருக்க வேண்டும். அறுவடைக்குப் பின்வரும் ஏழாம் ஆண்டின் சனவரி முதல் நாளுக்கு முன் அதை விற்கக் கூடாது. 2017இல் அறுவடையான ஒயின் 2024இல்தான் கடைக்கு வந்தது.

ஷாட்டோ ஷாலோனில் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டங்களைப் பார்வையிட்டு, பழங்கள் போதிய அளவு பழுத்துள்ளனவா என்று ஆராயும். தரம் போதாத ஆண்டில் அந்தப் பெயரையே அவ்வூரார் பயன்படுத்துவதில்லை. 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளின் அறுவடையில் ஷாட்டோ ஷாலோன் ஒயின் இல்லை. பெயரைக் காப்பதற்காக ஓராண்டு வருவாயில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்த முடிவுகள் அவை.

செர்ரியுடன் ஒப்பீடு

தெற்கு ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் தயாராகும் ஃபீனோ வகைச் செர்ரியும் ஈஸ்ட் படலத்தின் கீழ் முதிர்கிறது. ஆயினும் வேறுபாடுகள் பல. செர்ரியில் திராட்சை மதுசாரம் சேர்த்து ஆல்கஹால் 15 விழுக்காடு அளவுக்கு உயர்த்தப்படும். மஞ்சள் ஒயினில் வெளியிலிருந்து எதுவும் சேர்ப்பதில்லை. செர்ரி முறையில் பழைய பீப்பாயிலிருந்து எடுத்த அளவுக்கு இளைய ஒயினை ஊற்றி, பல ஆண்டு ஒயின்களைக் கலந்துகொண்டே இருப்பர். புதிய ஒயின் வருவதால் படலத்துக்கு உணவும் கிடைத்துக்கொண்டிருக்கும். மஞ்சள் ஒயினில் ஓர் ஆண்டின் ஒயின் மற்றோர் ஆண்டின் ஒயினுடன் சேர்வதில்லை. தொடக்கத்தில் இருந்த ஊட்டத்தைக் கொண்டே படலம் ஆறு ஆண்டுகளைக் கடக்க வேண்டும்.

பரிமாறும் முறையும் ஆயுளும்

மஞ்சள் ஒயின் மற்ற வெள்ளை ஒயின்களைப்போல் நன்கு குளிரூட்டிப் பரிமாறப்படுவதில்லை. 15 பாகை செல்சியசுக்கு அருகிலேயே அதன் மணம் விரியும். பருகுவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே புட்டியைத் திறந்து வைப்பர். அப்பகுதியில் பசும்பாலில் செய்யப்படும் கோந்தே பாலாடைக்கட்டி இதன் மரபான துணை. கோழியை மோரல் காளான், பாலேடு, மஞ்சள் ஒயின் ஆகியவற்றுடன் சமைப்பது ஜூராவின் புகழ்பெற்ற உணவு.

பீப்பாயில் காற்றுடன் வாழ்ந்து பழகிய ஒயின் என்பதால், திறந்த புட்டியிலும் இது பல நாட்கள் கெடாது. திறக்காத புட்டிகள் பல பத்தாண்டுகள் தாங்கும். ஆர்புவாவைச் சேர்ந்த அனத்துவால் வெர்செல் என்பவர் தயாரித்த 1774ஆம் ஆண்டு ஒயினின் மூன்று புட்டிகள் 2018 மே மாதம் லோன் லெ சோனியே நகரில் ஏலத்துக்கு வந்தன. அவற்றுள் ஒன்று 1,03,700 யூரோவுக்கு விலைபோனது.

புதிதாக விற்பனைக்கு வரும் ஒயினின் முதல் பீப்பாயைத் திறக்கும் விழா 1997 முதல் பிப்ரவரித் தொடக்கத்தில் நடத்தப்பட்டு வருகிறது.

இன்றைய நிலை

மஞ்சள் ஒயின் தயாரிக்கும் குடும்பத்தின் அறையில் எப்போதும் குறைந்தது ஆறு ஆண்டுகளின் விளைச்சல் பணமாகாமல் கிடக்கும். அதனால் பலர் ஒரு பகுதிச் சவான்யானை மட்டும் இதற்கு ஒதுக்கி, மீதியை வழக்கமான முறையில் பீப்பாயை நிரப்பி இளம் ஒயினாக விற்கின்றனர். இந்த நிரப்பிய வகைக்கு அண்மைக் காலத்தில் வெளிநாடுகளிலும் வரவேற்பு கூடியுள்ளது. உடனடி வருவாய் தரும் அந்த வழிக்கும், காலத்தை முதலீடாகக் கேட்கும் பழைய வழிக்கும் இடையே ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் முடிவெடுக்க வேண்டியுள்ளது.

தட்பவெப்ப மாற்றம் இதை மேலும் கடினமாக்குகிறது. குளிர்காலம் மிதமாவதால் கொடிகள் முன்னதாகவே துளிர்க்கின்றன. பின்னர் வரும் உறைபனி அத்துளிர்களைக் கருக்கிவிடுகிறது. 2021 ஏப்ரலில் விழுந்த உறைபனியால் ஜூரா தன் விளைச்சலின் பெரும்பகுதியை இழந்தது. மற்ற ஒயின்களில் அந்த இழப்பு அடுத்த ஆண்டுகளிலேயே தெரிந்துவிடும். மஞ்சள் ஒயினைப் பொறுத்தவரை, அந்த ஆண்டின் சில பீப்பாய்கள் விற்பனைக்கு வரக்கூடிய முதல் நாள் 2028 சனவரி 1.